சிசிர குமார மித்திரர்

எங்கள் ஓசூரில் பகற்போதில் வானொலிப் பெட்டியைத் திருப்பினால், மத்திய அலையில் அண்டை நிலையங்களே கேட்கும். இருட்டியபின் தொலைதூரத்து நிலையங்களும் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். இவ்விந்தைக்குக் காரணமான அயனி மண்டலத்தை நம் நாட்டில் ஆராய்ந்த முன்னோடி சிசிர குமார மித்திரர் ஆவர்.

இவர் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர், அன்னையாரோ பகல்பூர் டப்ரின் சீமாட்டி மருத்துவமனையில் மருத்துவர். தந்தையார் நோயுற்றபோது அன்னையாரின் ஊதியமே மகனின் கல்வியைத் தாங்கிற்று. 1912இல் எம்.எஸ்ஸி. தேறியபின், சிலகாலம் பாங்குரா கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்பித்தார் என்பது நம்மனோர்க்கு உவகை தருவதாம். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புகுந்து ஒளியியல் ஆராய்ந்தார். பின்னர்ப் பிரான்சு சென்று 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். நான்சி நகரிலே வானொலி இயலில் அவர் நெஞ்சம் ஈடுபட்டது.

நிற்க. மேல்வானை ஆராய அலை வேண்டும். அலையை ஏவ நிலையம் வேண்டும். 1924இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் என்பார் போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளையே இரவல் கொண்டார். மித்திரர் குழுவினரும் 1930ஐ ஒட்டிக் கல்கத்தா ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைத் தொலைவிலிருந்து ஏற்று, வங்க வானத்து அயனி அடுக்கின் உயரத்தைக் கணித்தனர். பாட்டைச் சுமந்துவரும் அலையின் ஒரு பகுதி நிலத்தை ஒட்டி நேரே வரும். மற்றொரு பகுதி வானில் மோதித் திரும்பிச் சற்றே பிந்தி வரும். இரண்டும் கூடுங்கால் ஒலி ஓங்கும், தேயும். கேட்போர் சலித்துக்கொள்ளும் அத்தேய்வே இவர்கட்கு அளவுகோலாயிற்று! தான் ஓர் அலையும் ஏவாது, பிறர் ஏவிய அலையின் சிதறலைக்கொண்டே பொருளைக் காணும் ராடார் பிற்காலத்தில் எழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பண்பலை நிலையங்களின் அலைகளைக்கொண்டு துருவச் சோதியின் வட்டாரத்தை ஆராய்ந்ததும் இம்முறையாலேதான்.

அச்சோதி எழுவது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில். மித்திரர் வங்கத்தில் அளந்த அடுக்கின் உயரமும் அதுவே. ஆப்பிள்டன் 1932–33இல் நார்வே நாட்டுத் திரோம்சோவில் ஆராய்ந்து, கடுங் காந்தப் புயலின்போது வானின் எதிரொலி அறவே மறைவதைக் கண்டார். சோதி தோன்றா வங்கத்திலிருந்த மித்திரரோ, துருவச் சோதி, காந்தப் புயல், இரவு வானின் ஒளி ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து தொகுத்து, மேல் வளிமண்டலம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் இயற்றினார். 1947இல் ஆசியச் சங்கம் அதனை வெளியிட்டது. 1952இல் மறுபதிப்பு வந்தது. ருஷிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. இந்நூலையே அவருடைய தலையாய பணி என யான் கருதுவேன்.

1958இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் கல்கத்தாவில் மித்திரர் காலமானார்.