தாயின் குரலைத் தேடிய வித்தைக்காரர்

எந்த விலங்கு, எந்தப் பூட்டிலிருந்தும் விடுபட்டு வெளிவந்து உலகை வியப்பில் ஆழ்த்தியவர் ஹாரி ஹூடினி. 1874-ல் புடாபெஸ்ட் நகரில் ஏழை யூத குரு ஒருவரின் மகனாய்ப் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சேர்ந்தவர். தாயார்மேல் அவருக்கு உயிர். 1913-ல் ஹூடினி ஐரோப்பாவில் இருக்கையில் தாயார் காலமானார். அந்தத் துக்கம் அவரை விட்டு அகலவேயில்லை.

1922-ல் அட்லாண்டிக் சிட்டியில், அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கானன் டாயிலின் மனைவி, தாயாரின் ஆவி எழுதுவிக்கிறதென்று பக்கம் பக்கமாய் எழுதிக் கொடுத்தார். தலைப்பில் சிலுவை அடையாளம், எழுத்தோ ஆங்கிலம். யூத குருவின் மனைவி சிலுவை இடுவாரா? ஆங்கிலம் சரிவரப் பேசாதவர் அதில் எழுதுவாரா? ஹூடினியின் மனம் நொந்தது, நட்பும் முறிந்தது.

அதன்பின், துக்கப்பட்டோரின் கண்ணீரைக் காசாக்கும் வேஷதாரிகளை வெளிப்படுத்துவதில் முனைந்தார். மாறுவேடத்தில் அவர்கள் கூட்டங்களுக்குச் சென்றார். இருட்டில் மணியடிப்பது ஆவியன்று, அவர்களுடைய காலே என்று மேடையில் செய்து காட்டினார்.

1926 அக்டோபர் 31-ல் ஹூடினி இறந்தார். இறந்தபின் பேச முடியுமானால் சொல்வதற்கென்று மனைவியோடு இரகசியச் சொல் குறித்திருந்தார். மனைவி பத்து வருஷம் காத்திருந்து, 1936-ல் விளக்கை அணைத்தார்.

நம் வீட்டில் துக்கம் நேர்ந்த வேளையில், இறந்தவரைப் பேச வைப்பதாகக் கூறிப் பணம் கேட்போர் வந்தால், இந்த மகனை நினைத்துக்கொள்வோமாக.