பாபநாசம் சிவன்: பத்தியிசை புதுவழிச் சென்ற வரலாறு

நம்முடைய பிள்ளைகள் சைவத் திருப்பாடல்களைப் பாடுகின்றிலர் என்னுங் குறை, சைவர் கூடுமிடந்தோறும் இக்காலத்திற் கேட்கப்படுகின்றது. நாவுல போலச் சைவர் தொகை சிறிதாயுள்ள இடங்களில் இக்குறை வெறும் வருத்தமாக நின்றுவிடுவதன்று. சில குடும்பத்துப் பிள்ளைகள் பாடாதொழிவாராயின், அடுத்த தலைமுறையில் அவ்விடத்துக் கோயிலிலே பாடுவார் ஒருவருமிலராவர். பெரியோர், பிள்ளைகள் சினிமாப் பாட்டிலே மனம்போக்கினர் என்று நோவர். பிள்ளைகளோ, பெரியோர் பாடுவது நெடிதாயும் விளங்காததாயும் இருக்கின்றது என்பர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே நின்று வழிகாட்டத்தக்கது பாபநாசம் சிவன் அவர்களுடைய சரித்திரம். அதனை ஈண்டுச் சுருக்கிச் சொல்லப் புகுகின்றோம்.

இவர் 1890ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆந் தேதி, அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவிலடங்கிய போலகம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர்; தாயார் யோகாம்பாள். இவருக்கு இடப்பட்ட பெயர் இராமையா. 1897இல் தந்தையார் இறந்தார். அன்னையார் வறுமையால் வருந்தி, 1899இல் மக்களை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரஞ் சேர்ந்தார். அங்கே இவர் மகாராசா சம்ஸ்கிருத கலாசாலையிலே வடமொழி கற்று, இலக்கணத்திற் பட்டமும் பெற்றார். அந்நகரில் நீலகண்ட சிவன் என்னுந் தமிழ்ப் பத்திமானுடைய கீர்த்தனங்கள் பஜனைகளிலே பாடப்பட்டன. அவற்றைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தமையே இவருக்கு இசையிலும் பத்தியிலும் முதற்பாடமாயிற்று. நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் என்போரிடத்தும் சங்கீத ஆரம்பங் கற்றார்.

1910இல் அன்னையாரும் தேகவியோகமாயினர். அதன்பின் இவர் தனக்கென ஓரிடமின்றித் தலந்தோறுஞ் சென்று பாடித்திரிந்தார். பாபநாசத்திலே இவர் தமையனார் இருந்தார். அப்பகுதியார், மெய்யெங்கும் திருநீறு பூசி மனமுருகிப் பாடும் இவரைக் கண்டு, பாபநாசம் சிவன் என வழங்கலாயினர். அன்று தொட்டு இட்ட பெயர் மறைந்து வந்த பெயரே நிலைத்தது. ஆயினும் தாம் பாடிய கீர்த்தனங்களில் இராமதாசன் என்னும் முத்திரையையே இவர் வைத்தமை நோக்கற்பாலது. திருவாரூர்த் தியாகேசர் சந்நிதியிலே குந்தலவராளி இராகத்தில் தமது முதற்கீர்த்தனத்தைப் பாடினார். கோனேரிராசபுரம் வைத்தியநாத ஐயரை அடுத்திருந்து அவருடைய பாடும் முறையை உளங்கொண்டார். 1918இல் திருவையாற்றிலே முதன்முறையாகக் கச்சேரி செய்தார்.

1930ஆம் ஆண்டளவில் இவர் சென்னையை அடைந்து மயிலாப்பூரிலே வாழ்ந்தார். மார்கழி மாதத்து வைகறையிலே கபாலீச்சரத்தின் நான்கு மாடவீதிகளையும் பஜனை செய்து வலம்வருதலை இவர் நடாத்திவந்தார். கபாலீசர் திருவுலாவைக் காம்போதியிலும், அவர் திருநாமத்தை மோகனத்திலும் வைத்து இவர் பாடிய கீர்த்தனங்கள் அந்த வீதிகளின் வாசனை நீங்காதவை. ஆயினும் வைகறையில் எழுந்து வீதிக்கு வருவார்க்கன்றோ பஜனை கேட்கும்? வாராதவர்க்கு அதனைக் கொண்டுசெல்வார் யார்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது இவருடைய நாற்பது வயதுக்கு மேற்பட்ட வாழ்க்கை.

தமிழிலே பேசும்படம் 1931இல் தோன்றிற்று. கோயிலிலும் சபையிலும் பழகிய பலர் அதனைத் தாழ்ந்த தொழிலென்று ஒதுக்கிய காலம் அது. மயிலாப்பூரிலே இவரிடம் இசை பயின்ற இளைஞர் எஸ். ராஜம் அவர்கள் இராமராக நடித்த சீதாகல்யாணம் என்னும் படம் 1934இல் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவருள் ஒருவர் பாபநாசம் சிவன். அப்போது இவருக்கு வயது நாற்பத்துநான்கு. தொழில் நிலைபெற்றபின் புதிய வழியிற் புகுதல் எளிதன்று. புகின், அறிந்தவர் நகுவர், அறியாதவர் ஐயுறுவர். இவர் அவ்விரண்டையும் பொருட்படுத்தினாரல்லர். 1936இல் பக்த குசேலாவிலே குசேலராகவும், 1939இல் கல்கியின் கதையாகிய தியாகபூமியிலே சம்பு சாஸ்திரியாகவும் தாமே நடித்தார். தியாகபூமி பின்னர் ஆங்கில அரசாங்கத்தாரால் தடைசெய்யப்பட்டது.

இவர் தம் இசையை எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. கிராமபோன் தட்டின் ஒருபக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிஷமே ஓடும். கச்சேரியிலே ஒரு கீர்த்தனம் ஆலாபனை, நிரவல், சுரம் என்பவற்றோடு அரைமணி நேரமும் விரியும். பஜனையிலோ ஓரடியையே பலரும் திரும்பத்திரும்பப் பாடுவர். இவையிரண்டும் தட்டிலே அடங்கா. ஆதலின் இவர் இராகத்தின் உயிர்நிலையாயுள்ள சஞ்சாரத்தை முதலடியிலேயே புலப்பட வைத்தார். சொற்களை எளியனவாகவும், பொருள் கேட்டவுடன் விளங்குவனவாகவும் அமைத்தார். பக்கவாத்தியத்தோடு வேறு பல கருவிகள் கூடி ஒலித்தலையும் உடன்பட்டார். நீளம் குறைந்தது, கருவி மிகுந்தது, மொழி எளிதாயிற்று. இராகம் மாத்திரம் சிதையவில்லை. கேட்ட சிறுவன், இராகத்தின் பெயரறியாமலே அதன் வடிவத்தைத் தன் செவியிற் பதித்துக்கொண்டான்.

இம்முறை சைவத்துக்குச் செய்த உபகாரம் பெரிது. 1939இல் திருநீலகண்டர் சரித்திரம் படமாய் வந்தது. 1943இல் பொய்யாமொழிப் புலவர் கதையைச் சொல்லும் சிவகவி வந்தது. இரண்டிலும் எம். கே. தியாகராச பாகவதர் நடித்துப் பாடினார். பாடல்கள் பாபநாசம் சிவன் இயற்றியன. 1938இல் வந்த சேவாசதனத்திலே எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடியனவும் இவருடைய பாடல்களே. அத்தட்டுக்கள் கடல்கடந்து இலங்கைக்கும் வந்தன. பெரியபுராணத்தை ஏட்டிலே காணாதவரும் ஒரு நாயனாரை இவ்வாறு அறிந்தனர். 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தாபிக்கப்பட்டபோது, கச்சேரி முழுவதையுந் தமிழிலே நிரப்பப் பாடல்கள் உளவோ என வினாவினார்க்கு இவருடைய கீர்த்தனங்களே விடையாயின.

இனி, இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதையும் மறைத்தல் முறையன்று. படத்தின்பொருட்டு இவர் இயற்றியன யாவும் பத்திப்பாடல்களல்ல. 1944இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் என்னும் படத்திலே, காமத்தின் வலிமையை வியக்கும் பாட்டொன்று சாருகேசி இராகத்தில் உண்டு. அதுவே மிகுதியும் பரவிற்று. திருநீறணிந்த வாய் இதனைப் பாடலாமோ என்பர் சிலர். அக்கதையிலே அப்பாட்டைப் பாடுவோன் அக்காமத்தாற் கெட்டுப் பின் திருந்துகின்றான் எனச் சமாதானங் கூறலாம். ஆயினும் தெருவிலே பாடினவர் பாட்டைப் பாடினாரேயன்றிக் கதையைப் பாடினாரல்லர். புதிய வழியிற் செல்வோன் செலுத்துங் கூலி இது. தன் பாட்டு எவ்வாறு கேட்கப்படும் என்பது அவன் கையில் இல்லை. இதனை அறிந்தே புகுதல் வேண்டும். கச்சேரி மேடையில் அரிதாயிருந்த சாருகேசி பலரறிய வந்ததும் அப்பாட்டினாலேயே என்பதையும் உடன் நினைத்தல் நேர்மையாம்.

மூத்த இசைவாணர் இளையோரை நோக்கி இறங்கிவருதல் இழுக்கென்று எண்ணுவார்க்கு, நம் புராணத்திலேயே மறுமொழி உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலே முதிர்ந்த வித்தகர். சம்பந்தப் பெருமானோ சிறு பிள்ளை. பாணர் அப்பிள்ளையின் பின்னே தலந்தோறுஞ் சென்று, அவர் பாடும் பதிகத்தை யாழிலிட்டு வாசித்தார். தருமபுரத்திலே பாடிய பதிகம் யாழில் அடங்காதாக, பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்றவளவு வாசிக்கும்படி பணித்தருளினார். அடங்காதது கண்டு கருவியை உடைப்பது வழியன்று; இயன்றதை வாசித்துக்கொண்டு உடன்செல்வதே வழி. பாபநாசம் சிவன் செய்ததும் இதுவே என்க.

நிற்க, இவர் படத்தொழிலோடு அமைந்துவிட்டாரல்லர். 1930களிலே ருக்மிணி தேவியாரின் கலாக்ஷேத்திரத்தில் இளையோர்க்கு இசை கற்பித்தார். காரைக்காலம்மையார் சரித்திரத்தை இசைநாடகமாக இயற்றினார். தில்லைக் கூத்தனைக் குறித்து நாட்டக்குறிஞ்சியில் இவர் அமைத்த வர்ணத்துக்குப் பரதம் பயிலும் பிள்ளைகள் இன்றும் ஆடுகின்றனர். வடமொழிச் சொற்கடல் என்னும் அகராதியையுந் தொகுத்தார். 1950க்குப் பின் படங்களின் இசை வேறு திசையிற் செல்ல, இவர் அதனைத் தொடர்ந்து ஓடாது, கீர்த்தனம் இயற்றுதலிலும் கற்பித்தலிலும் அமைந்தார். எதுவரை உடன்செல்வது, எங்கே நின்றுவிடுவது என்பதும் இவர் அறிந்ததே. 1971இல் சங்கீத கலாநிதி, 1972இல் பத்மபூஷண் என்னும் விருதுகள் வந்தன. 1973இல், எண்பத்துமூன்றாம் வயதிற் சிவனடி சேர்ந்தார். தமிழ்த் தியாகையர் என உலகம் இவரை வழங்குகின்றது.

இவ்வரலாற்றால் நாவுலவிலுள்ள நாம் கொள்ளத்தக்கது யாது? யாம் மிஷனார் தாபித்த பாடசாலையிலே கற்றோம். அங்கே தமிழ்க் கீர்த்தனங்களை ஆர்மோனியத்தோடு எல்லாப் பிள்ளைகளும் நாடோறும் சேர்ந்து பாடுவர். குரலுள்ளவர் மாத்திரம் பாடுக என்னும் விதி அங்கில்லை. நல்ல முறை எங்கிருப்பினும் கொள்ளுதல் நம்மவர்க்குப் புதிதன்று. மிஷன் பாடசாலையிலே கற்றுக் கற்பித்த ஆறுமுக நாவலரவர்கள், பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் என்னும் மூன்றையும் சைவத்தின்பொருட்டுக் கைக்கொண்டு, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். முறையைக் கொண்டார், சித்தாந்தத்தை விட்டாரல்லர்.

நாவுலவுக்கு அண்மையிலுள்ள நாலந்தா கெடிகேயை நம்மிற் பலர் கண்டிருப்பர். பல்லவர் சிற்பமுறை விளங்கும் பழைய கற்றளி அது. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, அது நின்ற நிலம் நீரில் மூழ்கும் நிலையாயிற்று. தொல்பொருட் பகுதியார் அதனைக் கல்கல்லாகப் பிரித்து, மேட்டிலே மீளக் கட்டினர். இடம் மாறியது, கல்லின் அடைவு மாறவில்லை. பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் இன்று நீரின்கீழ் இருக்கும். கல்லை அடைவு தப்பிக் கட்டியிருந்தால் அது வேறொரு கட்டிடமாயிருக்கும்.

நம் திருமுறைக்கும் இதுவே செய்யற்பாலது. ஒரு பதிகத்தின் பத்துப் பாட்டையும் ஒருநாளிற் பாடுவித்துப் பிள்ளையை அயரச் செய்யாது, கிழமைக்கு ஒரு பாட்டைப் பொருளோடு கற்பிக்கலாம். பண்ணறிந்த பெரியோர் பாட, அதனைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து வீடுதோறும் அனுப்பலாம். இளையோர் தாம் பயின்ற கருவியோடு வருவாராயின், அக்கருவியையுஞ் சேர்த்துக்கொள்ளலாம். திருவெம்பாவைக் காலத்துப் பத்து வைகறையிலும் பெரியோரும் பிள்ளைகளும் கூடி வலம்வரலாம். விடலாகாதன இரண்டே: ஒன்று பண், மற்றொன்று சொல். இவ்விரண்டையுங் காத்து மற்றெவற்றையும் நெகிழ்த்துவோமாயின், பாடுவார் இல்லாத கோயில் நமக்கு வாராது. இதற்கு முதலில் எழவேண்டியவர் பிள்ளைகளல்லர், பெரியோரே. நாற்பத்துநான்கு வயதில் ஒருவர் எழுந்தமையாலன்றோ இவ்வளவும் நிகழ்ந்தது?

திருச்சிற்றம்பலம்.