மூக்குத் துடைக்கக் கற்பித்த அம்மையார்



மூக்கொழுகி நிற்கும் குழந்தையைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? அசிங்கம் என்று அதட்டுகிறோம். அல்லது வெடுக்கென்று நாமே துடைத்துவிடுகிறோம். துடைக்கும் விதத்தைப் பொறுமையாய்ச் செய்து காட்டுகிறோமா? காட்டிய ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், 1896-ல் உரோமைச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். முதலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஊழியம் செய்தார்.

1907-ல், மூன்று இராஜாக்கள் திருநாளாகிய ஜனவரி 6-ந் தேதி, உரோமை நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சுவர்களைக் கிறுக்கித் திரிந்த சுமார் ஐம்பது சிறுபிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். அவர்கள் உயரத்துக்கேற்ற சிறு மேசை நாற்காலிகளை அவர் செய்வித்தார்.

ஒருநாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்குத் துடைப்பதை அவர்களுக்குச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எண்ணினார். பிள்ளைகளோ கைதட்டி மகிழ்ந்து, வாசல்வரை பின்சென்று நன்றி கூறினார்கள். ஏன்? மூக்கைப் பற்றி எல்லாரும் அவர்களை ஏசினார்களேயன்றி, ஒருவரும் கற்பித்ததில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் மானம் உண்டு!

மற்றொரு சிறுமி மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகளைப் பாடச் சொன்னார் அம்மையார். நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ நிமிர்ந்து பாராமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்தாள். குழந்தை தன் கையால் செய்யும் வேலையில்தான் அதன் புத்தி வளருகிறது என்றும், அப்போது குறுக்கிடலாகாது என்றும் அம்மையார் கண்டுகொண்டார்.

அவருக்கும் ஒரு துயரம் இருந்தது. 1898-ல் பிறந்த தம் ஒரே மகன் மாரியோவைத் தாமே வளர்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்ந்த பிள்ளை, சிறுபிராயம் கழிந்தபின்னரே தாயிடம் சேர்ந்தான். பிற்பாடு அந்த மகனே அவருக்கு வலக்கையாயிருந்தார். இருவரும் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல் கோடைக்கானலிலும் சில காலம் தங்கினார்கள். அம்மையார் 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்தில் காலமானார்.

பெற்றோரே, வரும் ஞாயிறு பூசைக்குப் புறப்படுகையில், சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவேன் என்று உங்கள் பிள்ளை அடம்பிடிக்கலாம். மணியடித்துவிட்டதே என்று அதன் கையைத் தட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் முன்னதாக எழுந்து, அது மாட்டி முடிக்கும்வரை காத்திருங்கள்.