நிலத்தை அறிந்து கட்டிய மிமார் சினான்

நிலநடுக்கம் என்பது கண்டி வாழ் மக்களுக்குப் பிறதேசத்துச் செய்தியாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. 2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி திகன, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய பகுதிகளில் உணரப்பட்ட சிறு அதிர்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அதன்பின் மூன்று வாரங்கள் கழித்து, செப்டெம்பர் 20ஆம் திகதி, பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து, கைக்குழந்தை உட்பட மூவரைப் பலிகொண்டது. முன்னையதே பின்னையதற்குக் காரணம் என நாம் கூற முற்படவில்லை. எனினும், நாம் எத்தகைய நிலத்தில் எப்படிக் கட்டுகிறோம் என்ற கேள்வியை இரண்டுமே எழுப்பின. அக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான மிமார் சினான், 1490ஆம் ஆண்டளவில் அனத்தோலியாவின் கைசேரிக்கு அருகே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அரச சேவைக்கென எடுக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, படைவீரரானார். தச்சுத் தொழிலைக் கற்ற அவருக்குப் போர்க்களமே பொறியியற் பள்ளியாக அமைந்தது. 1538இல் புரூத் ஆற்றின் சேற்றுக் கரையில் 13 நாட்களில் அவர் அமைத்த பாலம் சுல்தான் சுலைமானின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது. மூன்று சுல்தான்களின் கீழ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பதவியை அவர் வகித்தார்.

அவர் பணியாற்றிய இஸ்தான்பூல் நகரம் 1509இன் பெரும் பூகம்பத்தில் சிதைந்து மீண்டெழுந்த நகரம். 1550 முதல் 1557 வரை அவர் அங்கு எழுப்பிய சுலைமானிய்யா பள்ளிவாசல் ஒரு மலைச்சரிவில் அமைந்தது. கண்டியைப் போன்றே சரிவான அந்நிலத்தில், தாங்குசுவர்களால் மேடையமைத்து, அதன் மீதே கட்டடத்தை நிறுத்தினார். ஏறத்தாழ 53 மீற்றர் உயரமுள்ள குவிமாடத்தின் பாரம் அரைக் குவிமாடங்கள், வளைவுகள், நான்கு பெருந்தூண்கள் வழியாகப் படிப்படியாக நிலத்தில் இறங்குகிறது. கற்கள் இரும்புக் கவ்விகளால் பிணைக்கப்பட்டு, கவ்விகள் உருக்கிய ஈயத்தால் இறுக்கப்பட்டன. எனவே அதிர்ச்சியின்போது கற்கள் தனித்தனியே சிதறாமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

முதுமையில் எதிர்னே நகரில் அவர் கட்டிய சலீமிய்யா பள்ளிவாசலின் 31 மீற்றர் அகலக் குவிமாடத்தை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. அதையே அவர் தமது தலைசிறந்த படைப்பாகக் கருதினார். புதியன படைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஆயிரமாண்டுப் பழைமையான ஹாகியா சோபியாவுக்கு உதைசுவர்கள் அமைத்து வலுவூட்டினார். அதனை ஒட்டி முறைகேடாக எழுந்திருந்த வீடுகளும் அப்போது அகற்றப்பட்டன. 1588இல் மறைந்த அவர், சுலைமானிய்யாவின் அருகே எளியதொரு கல்லறையில் உறங்குகிறார்.

1766இன் பூகம்பத்தில் அதே நகரின் பாத்திஹ் பள்ளிவாசல் இடிந்து வீழ்ந்தது. சுலைமானிய்யாவும் சேதமுற்றது, ஆயினும் திருத்தப்பட்டு இன்றும் நிற்கிறது. 2023 பெப்ரவரியில் அதே துருக்கியின் தென்பகுதியில் அடுக்குமாடிகள் சரிந்து 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டட விதிகள் புறக்கணிக்கப்பட்டமை பேரழிவைப் பெருக்கியதென்பதை உலகம் கண்டது. சினானுக்குக் கணினியோ, உருக்குக் கம்பியிட்ட கொங்கிறீற்றோ கிடைத்ததில்லை. அவை அனைத்தும் நம்மிடம் உள்ளன.

கண்டியின் சரிவுகளில் மண்ணைப் பரிசோதிக்காமல், இருந்த அத்திவாரத்தின் மேலேயே மாடிக்கு மேல் மாடி ஏற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வீடாயினும் கடையாயினும் பள்ளிவாசலாயினும் கோயிலாயினும், அனுமதி பெறுவதையும் பொறியியலாளரின் ஆலோசனையைப் பெறுவதையும் வீண்செலவாகக் கருதலாகாது. உள்ளே உறங்கும், தொழும் உயிர்கள் நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம் என்பதை உரிமையாளரும் அதிகாரிகளும் உணர வேண்டும்.