விளக்கை விடுங்க, வரைபடத்தைப் பாருங்க

கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் வர்றவங்களுக்கு இந்த இடம் நல்லாத் தெரியும். எண்ணூர் தாண்டி கொசஸ்தலையாற்றுப் பாலம். அடுத்தது அத்திப்பட்டு புதுநகர். ஜன்னல் முழுக்க அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்த தலைப்பே இதுதான்: அத்திப்பட்டுக் காற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலிருந்து மணலி நிலையத்தின் அளவுகளை இறக்கி, பைத்தானில் பதினாலு சார்ட் போட்டோம். கலர் கலரா. ரிவ்யூவில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இதைப் பார்த்துட்டு யார் என்ன செய்யணும்? நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிடைத்தார். ஆமாம், அதே கைவிளக்கேந்திய காரிகைதான். ஸ்கூல் புத்தகம் அந்த விளக்கோடு நிறுத்திவிட்டது. நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை விளக்கு அணைந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1820 மே 12இல் பிறந்தவர். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். கணக்குப் படிக்கவே வீட்டில் போராட வேண்டியிருந்தது, நர்ஸ் வேலைக்குப் போக அதைவிடப் பெரிய போராட்டம். 1854 நவம்பரில், கிரிமியப் போர் நடக்கும்போது, 38 செவிலியரோடு இன்றைய இஸ்தான்புல்லில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். துணி, சாப்பாடு, படுக்கை என்று ஓடி ஓடி வேலை பார்த்தார். ஆனாலும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த கழிவுநீர்க் கால்வாயைச் சுத்தம் செய்தது, காற்று வர வழி செய்தது. ஜூனில் அந்த எண்ணிக்கை 100க்கு 2 சொச்சமாக இறங்கியது.

1856இல் ஊர் திரும்பியபோது இங்கிலாந்தே அவரைக் கொண்டாடியது. அவரோ வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து கணக்கைப் பிரித்தார். பட்டினியிலும் களைப்பிலும் பாதி உயிராக வந்தவர்கள்தான் இறந்தார்கள் என்று அதுவரை நம்பியிருந்தார். எண்கள் வேறு கதை சொன்னது. அந்தக் குளிர்காலத்தில் அதிகம் பேர் இறந்த மருத்துவமனைகளில் ஒன்று அவர் இருந்த ஸ்குட்டாரிதான். ஆய்வாளர் ஹியூ ஸ்மால் எழுதுவதைப் பார்த்தால், அந்த உண்மைதான் அவரை நொறுக்கிப் படுக்கையில் தள்ளியது. எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்பதில்லை. உடம்பில் நோய் நிஜமாகவே இருந்தது என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம். ஹீரோயின் பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அவர் இருக்கவில்லை.

1858இல் அந்த வரைபடம் வந்தது. ஒரு வட்டத்தில் பன்னிரண்டு துண்டு, துண்டுக்கு ஒரு மாதம். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் வந்த சாவு நீலம், போர்க் காயத்தால் வந்தது சிவப்பு, மற்றவை கறுப்பு. 1855 ஜனவரித் துண்டை மட்டும் பாருங்க: நோயால் 2,761, காயத்தால் 83, மற்றவை 324. போருக்குப் போனவர்களைக் கொன்றது போர் இல்லை, சாக்கடை! மந்திரிகள் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். படத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

இதில் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. முதலில் போட்ட படத்தில் ஆரத்தை எண்ணுக்கு ஏற்ப நீட்டியிருந்தார். எண் இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்கு, ஆனால் கண்ணுக்குத் தெரியும் பரப்பு நாலு மடங்கு. அவர் வாதத்துக்கு அது வசதிதான், பயம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பிழையைச் சொல்லி ஒரு திருத்தச் சீட்டைச் சேர்த்தார். அடுத்த படத்தில் பரப்பே எண்ணைக் காட்டும்படி மாற்றினார். பபுள் சார்ட்டில் நாம இன்னைக்கும் செய்யும் தப்பு அது.

அதே வருடம் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர்.

அடுத்து நம்ம ஊர். இந்தியாவில் ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அரச ஆணையம் அமைந்தது. பெண் என்பதால் உறுப்பினர் நாற்காலி கிடையாது. அறைக்குள்ளிருந்தே வேலையை நடத்தினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, ஒரு அறையில் எத்தனை பேர் என்று கேள்வித்தாள் அச்சடித்து, இந்தியாவில் இருந்த ஒவ்வொரு ராணுவ நிலையத்துக்கும் அனுப்ப வைத்தார். கூகுள் ஃபார்ம் மாதிரிதான், என்ன, பதில் கப்பலில் வந்தது. 1863இல் வந்த அறிக்கை 2,000 பக்கத்தைத் தாண்டியது. ஆங்கிலேயச் சிப்பாய்களில் வருடத்துக்கு 1,000க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மறு வருடம் சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையம் வந்தது. 1873இல் அந்த 69 வெறும் 18 ஆகியிருந்தது. இந்தியா பக்கம் அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லியாகணும். அந்தப் படிவங்களை நிரப்பியது அதிகாரிகள். எண்ணப்பட்டது முதலில் வெள்ளைச் சிப்பாய். கடைத்தெருவிலும் குடிசையிலும் இருந்தவன் அந்த டேட்டாவில் இல்லை. அவர் இதைப் புரிந்துகொள்ள வருடங்கள் ஆனது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது பாசனம், விவசாயியின் கடன் என்று அவரது எழுத்தே திசை மாறியது. அரசு அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. அங்கே அவர் ஜெயிக்கவில்லை.

1891இல் ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. 1910 ஆகஸ்ட் 13இல் இறந்தார்.

அவருடைய டேட்டா இன்னும் உயிரோடு இருக்கு. ஆர் மொழியில் ஹிஸ்ட்டேட்டா என்ற பேக்கேஜை இறக்கினால் 24 மாதம், 24 வரிசை. நீங்களே வரைஞ்சு பாருங்க. ஆரத்துக்கு வர்க்கமூலம் எடுக்க மறந்துடாதீங்க.

நாங்க பதினாலு சார்ட்டில் பதிமூன்றைத் தூக்கிட்டோம். மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தபோதுதான் உறைத்தது: தலைப்பில் அத்திப்பட்டு, டேட்டா சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மணலியுடையது. தலைப்பை மணலி என்று மாற்றி, அத்திப்பட்டுக்கு எங்களிடம் அளவு இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தோம். ஃபைனல் ரிவ்யூவில் ரெண்டு மார்க் குறைஞ்சது.