குழந்தையின் குடலில் கிருமியைத் தேடிய டாக்டர்

பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் வீடே கலங்கிப் போகும். பெரும்பாலும் சில நாட்களில் அது சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் நோய் வயிற்றோடு நிற்பதில்லை. குடலில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து, உயிருக்கே உலை வைத்துவிடும்.

அப்படிக் கலக்கும் கிருமிகளில் முக்கியமான ஒன்றை முதன்முதலாக அடையாளம் கண்டவர் தியோடர் எஷெரிக் என்ற ஜெர்மன் டாக்டர். ஈ-கோலி என்று இன்று சொல்கிறார்களே, அதில் வரும் 'ஈ' இவருடைய பெயரின் முதல் எழுத்துதான்.

தாயை இழந்த சிறுவன்

எஷெரிக் 1857-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பவேரியா நாட்டில் அன்ஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க டாக்டர். எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை இறக்கின்றன என்று கணக்கெடுத்து ஆராய்வதில் அவருக்கு ஈடுபாடு உண்டு. எஷெரிக் ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். குறும்புத்தனம் அதிகமாக இருந்ததால், பன்னிரண்டாவது வயதில் அவரை ஆஸ்திரியாவில் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள். பிறகு மருத்துவம் படித்து, 1881-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பவேரியாவில் பிறந்த நூறு குழந்தைகளில் சுமார் முப்பது, ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிடும். பல தாய்மார்கள் தாய்ப்பால் கொடுப்பதில்லை. மாவுக் கஞ்சியும் மாட்டுப் பாலும்தான் கொடுப்பார்கள். கோடை வந்தால் பால் கெடும். குழந்தைகளுக்குப் பேதி காணும். இதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

துணியில் கிடைத்த துப்பு

1884-ல் ராபர்ட் காக், கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டு இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியபோது, அதை ஆராய எஷெரிக்கை அரசாங்கம் அங்கே அனுப்பியது. பெரியவர்களின் பேதிக்குக் கிருமி காரணம் என்றால், குழந்தைகளின் பேதிக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

மியூனிச் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் காக்கின் சீடர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் அருவருப்போடு ஒதுக்கிய குழந்தைகளின் மலத்தை அவர் நாள் தவறாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறந்தவுடன் வெளிவரும் முதல் மலத்தில் கிருமி தென்படவில்லை. சில மணி நேரம் கழித்துக் கிருமிகள் தென்பட்டன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் உள்ள கிருமிகள் வேறு, மாட்டுப் பால் குடிக்கும் குழந்தையின் குடலில் உள்ளவை வேறு என்பதையும் கண்டார். 1885 ஜூலையில் இந்த முடிவுகளை அறிஞர்கள் சபையில் வெளியிட்டார். குடலில் சாதாரணமாகக் காணப்படும் கோல் வடிவக் கிருமி ஒன்றையும் அதில் விவரித்தார். அதுதான் ஈ-கோலி. அப்போது அவருக்கு வயது 27.

சாதுவா, எமனா?

ஆரோக்கியமான குழந்தையிடமும் இருக்கும் கிருமி எப்படிக் கெடுதல் செய்யும் என்ற கேள்வி எழுந்தது. 1890-ல் கிராஸ் நகரில் பேராசிரியரான எஷெரிக், சிறுநீர்ப்பை புண்பட்ட குழந்தைகளைச் சோதித்தார். குடலில் பார்த்த அதே கிருமி அங்கேயும் இருந்தது. குடலில் சாதுவாக இருக்கும் கிருமி, இடம் மாறினால் எதிரியாகிவிடுகிறது என்பதை 1894-ல் எடுத்துக் காட்டினார்.

ஊர்க் குழந்தைகளை எல்லாம் காத்த அந்த டாக்டருக்கும் புத்திர சோகம் வந்தது. அவருடைய ஒரே மகன் குடல்வால் நோயால் பத்து வயதில் இறந்துவிட்டான்.

எஷெரிக் 1902-ல் வியன்னாவில் பேராசிரியராகி, புகழ்பெற்ற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். அங்கே ஒரு குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். தாய்ப்பாலின் பெருமையைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குச் சுத்தமான பால் கிடைக்க ஏற்பாடு செய்தார். 1911 பிப்ரவரி 15-ந் தேதி, 53-வது வயதில் காலமானார். 1919-ல் கிருமிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஈ-கோலியில் ஒரு வகை குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்கும் என்பது 1945-ல் லண்டனில் நிரூபணமானது. எஷெரிக்கின் சந்தேகம் வீண்போகவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

பச்சைக் குழந்தையின் குடல் சுவர் மெல்லியது. நோயை எதிர்க்கும் சக்தியும் குறைவு. கிருமியால் குடல் புண்பட்டால், கிருமிகள் அதைத் தாண்டி இரத்தத்தில் புகுந்துவிடலாம். முதல் மூன்று மாதங்களில் இந்த ஆபத்து அதிகம். ஈ-கோலி மட்டுமல்ல, சால்மோனெல்லா என்ற கிருமியும் இப்படிப் பரவும். இரத்தத்திலிருந்து மூளையின் சவ்வு வரை போய்விடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் ஈ-கோலி குழந்தைக்குத் தொற்றுவது உண்டு.

இரத்தத்தில் கிருமி கலந்தால் எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல் அடிக்கும் என்று நினைக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வலிப்பு, மலத்தில் இரத்தம் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரத்தத்தைச் சோதித்து, ஊசி மூலம் மருந்து கொடுத்தால் பிழைக்க வைக்க முடியும். மருந்துக் கடையில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது தவறு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன.

தாயோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல், வேற்றூரில் தனிக் குடித்தனத்தில் குழந்தை வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் எஷெரிக் தாய்மார்களுக்குச் சொன்ன தாய்ப்பால் பாடத்துக்கு இன்றும் மாற்று இல்லை.