பூதங்களுக்குச் சட்டம் எழுதியவர்

செருப்புப் பழுது பார்த்துப் பிழைத்தவர் ஒருவர். இரவில் உட்கார்ந்து, பூதங்களை அழைப்பதற்குச் சட்டம் எழுதினார். அதனால் உலகப் புகழ் பெற்றார். அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ்.

கேரி 1938-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர், பிடில் வித்வான். கேரி வளர்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரில்.

படிப்பில் மனம் செல்லவில்லை. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டார். மாயாஜாலக் கதைகள், சதுரங்கம், பொம்மைச் சிப்பாய்களை மேஜை மீது நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு, இவைதான் அவருக்கு உயிர்.

வேலை போனது

சிகாகோவில் இன்சூரன்சு கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்தார். 1970-ல் அந்த வேலை போயிற்று. வீட்டில் மனைவியும் ஐந்து குழந்தைகளும் இருந்தார்கள். செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு காலம் தள்ளினார். ஆனாலும் விளையாட்டை விடவில்லை!

1971-ல் நண்பர் ஜெப் பெரனுடன் சேர்ந்து "செயின்மெயில்" என்ற போர் விளையாட்டு விதிப் புத்தகத்தை வெளியிட்டார். அதன் பின்பகுதியில் மந்திரவாதிகளும் பூதங்களும் வந்தார்கள்.

மினசோட்டா மாநிலத்து இளைஞர் டேவ் ஆர்னசன் அந்த விதிகளை எடுத்துத் தம் விருப்பம்போல மாற்றினார். படை முழுவதையும் நடத்துவதற்குப் பதிலாக, ஒருவருக்கு ஒரு பாத்திரம். கோட்டைக்குக் கீழே இருண்ட நிலவறை. 1972-ல் இதைக் கேரியிடம் ஆடிக் காட்டினார். கேரி மயங்கிவிட்டார். உடனே எழுதத் தொடங்கினார்.

பெரிய பிரசுரக் கம்பெனி வேண்டாம் என்றது. பால்ய சினேகிதர் டான் கே, பிரையன் புளூம் ஆகியோருடன் சேர்ந்து, 1974 ஜனவரியில் கேரியே ஆயிரம் பெட்டிகள் வெளியிட்டார். விலை 10 டாலர். பெயர் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". ஆயிரமும் விற்றுத் தீர்ந்தன.

பூதம் திரும்பிப் பாயும்

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கு ஒரு வேடம். வெற்றியும் தோல்வியும் பகடையில்.

இதில் மந்திரவாதி காற்று, நீர், நெருப்பு, மண் என்ற நான்கு பூதங்களை அழைக்கலாம். (நம் கணக்கில் ஐந்து, அவர்கள் ஆகாயத்தை விட்டுவிட்டார்கள்!) அன்றைய விதிப்படி ஒரு நாளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றுதான் அழைக்க முடிந்தது. அழைத்தவன் மனத்தை ஒருமுகப்படுத்தி அதை அடக்கி வைத்திருக்க வேண்டியிருந்தது. கவனம் சிதறினால், பூதம் அழைத்தவன் மேலேயே பாய்ந்தது.

1978-ல் வந்த புத்தகத்தில் மிருகங்களை அழைக்கும் மந்திரத்துக்கு ஏழு படிகள். எது வரும் என்பதை மந்திரவாதி தேர்ந்தெடுக்க முடியாது. நடுவர்தான் தீர்மானிப்பார். மிருகங்கள் சிலவற்றைக் கேரி கடைப் பொம்மைகளில் இருந்து எடுத்தார். ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட பிராணி, மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து வந்ததுதான்.

முதல் பெட்டியில், விதிகளை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும்படி கேரி ஊக்கப்படுத்தினார். ஜனங்கள் மாற்றினார்கள். ஊருக்கு ஊர் விதி. கேட்ட மிருகமே வரவேண்டும் என்று சிலர் வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கேரியே மனம் மாறினார். எல்லா ஊரிலும் ஒரே விதி வேண்டும் என்று பெரிய புத்தகங்கள் எழுதினார். ஆர்னசன் விதிகளை மாற்றியிராவிட்டால் இந்த விளையாட்டே பிறந்திருக்காது என்பதை அவர் மறந்தாரோ, என்னவோ! பங்குத் தொகைக்காக 1979-ல் ஆர்னசன் வழக்கே தொடர்ந்தார். 1981-ல் சமரசம் ஆயிற்று.

கம்பெனி கைவிட்டது

டான் கே 1975-லேயே இறந்துவிட்டார். கம்பெனியின் பங்குகள் கை மாறின. 1985 அக்டோபரில் தலைமைப் பதவியில் இருந்து கேரி நீக்கப்பட்டார். கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். தாம் படைத்த விளையாட்டு பிறர் சொத்தாயிற்று.

ஆனாலும் புதிய விளையாட்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். நோயுற்ற பிறகும், 2008 ஜனவரி வரை லேக் ஜெனிவா வீட்டில் வாரந்தோறும் ஆட்டம் நடத்தினார். மார்ச் 4-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 69.